முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நாலு நிமிடத்தில் ஏன் பதுங்குகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது. படிக்க டெக்சாஸ் வந்து முதல் சீசனாகக் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறீர்கள். ஆட்டம் முழுக்கப் பந்தை வீசி வீசி முன்னேறிய அணி, ஏழு புள்ளி முன்னிலையோடு கடைசி நாலு நிமிடத்துக்கு வந்ததும் ஆளே மாறிவிடுகிறது. மூன்று முறை பந்தோடு கூட்டத்துக்குள் முட்டுகிறார்கள், நான்காவது முறை உதைத்து எதிரணியிடமே கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் தடுப்பாட்டக்காரர்கள் தள்ளிப்போய் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், கடைசியில் தோற்கிறார்கள். வேறு சில ஆட்டங்களிலோ குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி வீசுபவர்) பந்தை வாங்கி மண்டி போடுகிறார், அதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. இது பயமா, கணக்கா, மண்டி போடுவதை எப்படி அனுமதிக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். கேள்வி இரண்டு போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: முன்னிலையைக் காக்கும் அணி எந்தக் கட்டத்தில் ஆடுவதை நிறுத்தலாம், எந்தக் கட்டத்தில் நிறுத்தக் கூடாது?

நான் கோச் இல்லை, இந்த ஆட்டத்தை ஆடியவனும் இல்லை. டெக்சாஸில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நடக்கும் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் பல வருடங்களாக ஆட்டக் கடிகாரத்தை இயக்குகிறேன். இந்த மாநிலப் பள்ளிகள் கல்லூரி விதிப்புத்தகத்தையே சில மாற்றங்களோடு பின்பற்றுகின்றன, அதனால் அந்தப் புத்தகம் எனக்கு நல்ல பழக்கம். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, சுவிட்சில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கீழே நடுவரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அவர் ஒரு கையைச் சுழற்றினால் கடிகாரம் ஓடும். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே ஆட்டினால் நிற்கும். ஆகவே கடிகாரம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். அணிக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள், கோச் மனதில் என்ன ஓடுகிறது என்பது பற்றிச் சொல்வதெல்லாம் வெளியில் நின்று பார்த்தவனின் கருத்து.

இதைப் புரிந்துகொள்ளத் தேவையான விதிகள் கொஞ்சம்தான். பத்து யார்டு கடக்க நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். கடந்துவிட்டால் ஃபர்ஸ்ட் டவுன், மறுபடி நான்கு கிடைக்கும். வீசிய பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். ஓடியவர் பக்கக் கோட்டுக்கு உள்ளேயே விழுந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பிளே, அதாவது ஒரு முயற்சி, முடிந்த கணத்திலிருந்து அடுத்த ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு) 40 விநாடி அவகாசம் உண்டு. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பாதிக்கு மூன்று டைம் அவுட். யூடியூபில் பழைய ஆட்டங்கள் பார்ப்பீர்கள் என்றால் இரண்டு மாற்றங்களை மனதில் வையுங்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு ஃபர்ஸ்ட் டவுனுக்கும் கடிகாரம் சற்று நிற்கும். 2023 முதல் ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான் அப்படி. 2024இல், இரண்டு நிமிடம் மீதமிருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தும் ஒரு கட்டாய இடைவேளையும் வந்தது. பின்தங்கிய அணிக்கு அது இலவசமாகக் கிடைத்த நான்காவது டைம் அவுட் மாதிரி.

இப்போது கணக்கு. முன்னிலையில் இருக்கும் அணியிடம் பந்து இருக்கிறது, ஃபர்ஸ்ட் டவுன், எதிரணியிடம் டைம் அவுட் எதுவும் மிச்சமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்பேக் ஸ்னாப்பை வாங்கி மண்டி போட ஓரிரு விநாடி. அப்புறம் 40 விநாடி சும்மா நிற்கலாம். மூன்று முறை இப்படிச் செய்தால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகவே கரைந்துவிடும். எதிரணியிடம் ஒரு டைம் அவுட் இருந்தால் அதில் 40 விநாடி போய்விடும், அதாவது மண்டி போட்டு 1 நிமிடம் 25 விநாடி அளவுக்குத்தான் கரைக்க முடியும். இரண்டு இருந்தால் முக்கால் நிமிடம். மூன்றும் இருந்தால் ஐந்தாறு விநாடிதான். இடையில் இரண்டு நிமிட இடைவேளை குறுக்கிட்டால் அதையும் ஒரு டைம் அவுட்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழு விஷயமும் இந்தச் சின்னக் கணக்கில்தான் நிற்கிறது. கடிகாரத்தில் மீதி இருப்பது இந்த எண்ணுக்குக் கீழே என்றால் ஆட்டம் முடிந்துவிட்டது, ஸ்கோர்போர்டில் இன்னும் எண்கள் ஓடினாலும் சரி. மேலே என்றால் முடியவில்லை, எவ்வளவு புள்ளி முன்னிலை என்றாலும் சரி.

இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் இதையும் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள். 2023 அக்டோபர் 7ஆம் தேதி மயாமி பல்கலைக்கழகம் ஜார்ஜியா டெக்கை எதிர்த்து ஆடிய ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். மயாமி அதுவரை ஒரு ஆட்டத்திலும் தோற்காத அணி. 20-17 என்று முன்னிலை, பந்தும் அவர்களிடம், மூன்றாவது டவுன். கடிகாரத்தில் அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் மீதி. ஜார்ஜியா டெக்கிடம் ஒரு டைம் அவுட்கூட இல்லை. மீதி நேரம் 40 விநாடியைவிடக் குறைவு என்பதால், ஒரே ஒரு முறை மண்டி போட்டிருந்தால் அடுத்த ஸ்னாப்புக்கே அவசியம் வந்திருக்காது. கோச் மரியோ கிறிஸ்டோபால் அணி மண்டி போடவில்லை, ஓட விட்டார்கள். ஓடியவர் கையிலிருந்து பந்து நழுவியது, 26 விநாடி மீதமிருக்கும்போது ஜார்ஜியா டெக் அதைக் கைப்பற்றியது. நான்கே பிளேயில் 74 யார்டு போய், ஹெய்ன்ஸ் கிங் வீசிய 44 யார்டு பாஸில் டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி) அடித்து 23-20 என்று ஜெயித்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். இதே கிறிஸ்டோபால் 2018இல் ஓரிகன் அணியின் கோச்சாக இருந்தபோதும், ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக மூன்று புள்ளி முன்னிலை, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் என்ற நிலையில் ஓட விட்டு, பந்து நழுவி, கூடுதல் நேரத்தில் 38-31 என்று தோற்றார்கள். மயாமி ஆட்டத்துக்குப் பிறகு அவர் பழியை வீரர் மேல் போடாமல் தானே ஏற்றுக்கொண்டார், அதற்காக அவரை மதிக்கிறேன்.

நான் இந்த ஆட்டத்தை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டம் பார்க்கும் பலர் இதைத் துணிச்சல், கோழைத்தனம் என்ற கண்ணோட்டத்தில் பார்க்கிறார்கள். மயாமி பயந்து ஆடவில்லை. இன்னும் சொல்லப்போனால் தேவைக்கு மேல் துணிச்சலாக ஆடியது. ஓடுவது அவர்களுக்கு எந்த லாபத்தையும் தராது, நஷ்டத்துக்கு மட்டும் வழி திறக்கும் என்ற கட்டத்தில் ஓடினார்கள். நீங்கள் கோபப்படும் அணிகள் இதற்கு நேர் எதிர்த் தவறைச் செய்கின்றன: கணக்கு இன்னும் மூடவில்லை, ஆனால் மூடிவிட்டது போல ஆடுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

மண்டி போடுவதுகூட இப்படி ஒரு அடியில் பிறந்த பழக்கம்தான். 1978 நவம்பர் 19, தொழில்முறை லீகில் நியூயார்க் ஜயன்ட்ஸ் 17-12 என்று முன்னிலையில் இருந்தது, அரை நிமிடம் போனால் வெற்றி. அந்தக் காலத்தில் குவார்ட்டர்பேக் படுத்துக்கொள்வதைச் சிலர் ஆண்மைக் குறைவாகக்கூடப் பார்த்தார்கள். ஜயன்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஜோ பிசார்சிக், லாரி சாங்காவிடம் பந்தைக் கைமாற்றப் போனார். கை தவறியது, துள்ளிய பந்தை எடுத்து எதிரணியான ஈகிள்ஸின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் 26 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார், 19-17. அந்த பிளேயைத் தேர்ந்தெடுத்த துணைக் கோச்சுக்கு மறுநாளே வேலை போனது. அதற்கு அப்புறம்தான் இப்போது நீங்கள் பார்க்கும், மண்டி போடுவதற்கான விக்டரி ஃபார்மேஷன் பரவியது. அடுத்த முறை கவனியுங்கள்: குவார்ட்டர்பேக்கின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல ஒவ்வொருவர், வெகு பின்னால் தனியாக இன்னொருவர் நிற்பார். அந்தப் பின்னால் நிற்பவர் பந்து நழுவினால் துரத்திப் பிடிக்க நிறுத்தப்பட்ட ஆள்.

கணக்கு நூலிழையில் மூடாமல் போகும் தருணங்கள்தான் மிக ஆபத்தானவை. 2015 அக்டோபர் 17, மிச்சிகன் 23-21 என்று முன்னிலை, எதிரில் மிச்சிகன் ஸ்டேட். நான்காவது டவுன், மீதி 10 விநாடி. வேண்டியதெல்லாம் ஒரு பன்ட், பந்தை உதைத்துத் தூர அனுப்பிவிட்டால் போதும். தாழ்வாக வந்த ஸ்னாப்பை உதைப்பவர் தவறவிட்டார். மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் பந்தை எடுத்துக்கொண்டு 38 யார்டு ஓடி, நேரம் முடியும்போது டச் டவுன், 27-23. பன்ட் முடிவு தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அந்த 10 விநாடியை அதற்கு முந்தைய பிளேக்களில் கரைத்திருக்க முடியுமா என்பது எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி. பிளே கிளாக்கில் (அந்த 40 விநாடியை எண்ணும் கடிகாரத்தில்) ஐந்து விநாடி இருக்கும்போது ஸ்னாப் எடுப்பதற்கும் ஒரு விநாடியில் எடுப்பதற்கும் நான்கு விநாடி வித்தியாசம். மூன்று பிளேயில் பன்னிரண்டு விநாடி. மேலே உட்கார்ந்து பார்க்கும்போது பள்ளிப் பிள்ளைகள் இந்தச் சில்லறையைச் சிதறவிடுவது கண்கூடாகத் தெரியும். பெரிய கல்லூரிகளிலும் அது நடக்கிறது.

சரி, உங்கள் உண்மையான கோபத்துக்கு வருகிறேன்: நாலு நிமிடம் இருக்கிறது, ஏழு புள்ளி முன்னிலை, எதிரணியிடம் மூன்று டைம் அவுட். இங்கே மண்டி போட்டு முடிக்க முடியாது. ஆனாலும் ஓடுவதற்கு நல்ல காரணம் உண்டு. ஓடிக் கோட்டுக்குள் விழுந்தால் ஒன்று 40 விநாடி கரையும், இல்லையென்றால் எதிரணி ஒரு டைம் அவுட்டைச் செலவழிக்க வேண்டும். இரண்டுமே லாபம். வீசி, பந்து தரையில் விழுந்தால் அந்த 40 விநாடியை எதிரணிக்கு நாமே தானமாகக் கொடுக்கிறோம். ஆகவே முதல் டவுனில் ஓடுவதைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கில் எல்லாரும் விட்டுவிடும் பாதி ஒன்று இருக்கிறது. ஒரு ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்தால் இன்னொரு மூன்று பிளே கிடைக்கும். எதிரணி டைம் அவுட்களைத் தீர்த்துவிட்டிருந்தால் அதற்கு இரண்டு நிமிட மதிப்பு. தோல்வியுற்ற ஒரு பாஸின் விலை 40 விநாடி. வெற்றியடைந்த ஒரு பாஸின் வரவு பெரும்பாலும் முழு ஆட்டம். மூன்றாவது டவுனில் ஆறு ஏழு யார்டு தேவைப்படும்போது எல்லாரும் எதிர்பார்க்கும் ஓட்டத்தை நடுவே ஓடி ஒரு யார்டு எடுப்பது, அந்த வரவை முயன்றுகூடப் பார்க்காமல் விடுவது. உங்கள் எரிச்சல் நியாயமானது என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான். கெட்டிக்கார கோச்சுகள் இங்கே நடு வழி ஒன்று வைத்திருப்பார்கள். குவார்ட்டர்பேக்கைப் பக்கவாட்டில் ஓட விட்டு, ஆள் தனியாக நின்றால் மட்டும் ஒரு குட்டி பாஸ், இல்லையென்றால் பந்தோடு கோட்டுக்குள்ளேயே சறுக்கி உட்கார்ந்துவிடு என்று சொல்லியிருப்பார்கள். வீச ஆள் கிடைக்காவிட்டாலும் கடிகாரத்தை நிறுத்தாமல் முடிக்க அதில் வழி இருக்கிறது.

கோட்டுக்குள் இருப்பது என்பதும் சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். சின்ன வயதிலிருந்து ஒரு யார்டாவது கூட எடு என்று பழக்கப்பட்ட ஓட்டக்காரர், பக்கக் கோட்டை ஒட்டி இடம் தெரிந்தால் கால் தானாக அங்கே போகும். பக்கக் கோட்டில் நிற்கும் நடுவர் கையைச் சுழற்றப் போகிறாரா, தலைக்கு மேல் ஆட்டப் போகிறாரா என்று என் கட்டைவிரல் காத்திருக்கும் அந்த அரை விநாடியில், மேலே இருந்தே தெரிந்துவிடும், அவருக்கு இது சொல்லித்தரப்பட்டிருக்கிறதா இல்லையா என்று. சொல்லித்தரப்பட்டவர்களில் உச்சம் என்றால் 2007 டிசம்பரில் தொழில்முறை லீகில் ஈகிள்ஸின் பிரையன் வெஸ்ட்புரூக். டல்லாஸுக்கு எதிராக 10-6 முன்னிலை, எதிரில் யாருமே இல்லை, டச் டவுன் கையில். ஒரு யார்டு கோட்டில் நின்று வேண்டுமென்றே விழுந்தார். டல்லாஸிடம் டைம் அவுட் இல்லை. மூன்று முறை மண்டி போட்டு முடித்துவிட்டார்கள். ஆறு புள்ளியைவிட எதிரணிக்குப் பந்தே கிடைக்காமல் செய்வது உயர்ந்தது என்பதை ஓடிக்கொண்டிருக்கும்போதும் மறக்காத மனிதர் அவர்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. முதலாவது, நான்காவது டவுனில் ஒன்றிரண்டு யார்டு மட்டும் தேவைப்பட்டால் பன்ட் செய்வதா, முயல்வதா. 2009 நவம்பரில் தொழில்முறை லீகில் கோச் பில் பெலிசிக்கின் நியூ இங்கிலாந்து அணி 34-28 என்று முன்னிலையில், 2 நிமிடம் 8 விநாடி மீதமிருக்கும்போது, தன் 28 யார்டு கோட்டிலேயே நான்காவது டவுனில் இரண்டு யார்டுக்கு முயன்று தோற்றது. மிகச் சிறந்த குவார்ட்டர்பேக்குகளில் ஒருவரான பேட்டன் மானிங்கின் இண்டியானபொலிஸ் 35-34 என்று ஜெயித்தது. அடுத்த நாள் முழுக்க அவரைத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் புள்ளிவிவரம் பார்ப்பவர்களில் நிறைய பேர் அந்த முடிவு சரி, விளைவுதான் தவறிப்போனது என்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன், ஏனென்றால் எதிரில் நின்றவர் மானிங். நான்காவது டவுனில் அணிகள் தேவைக்கு மேல் பயப்படுகின்றன என்று பெர்க்லி பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் 2006இல் வெளியிட்ட கட்டுரையை இப்படிப்பட்ட விவாதங்களில் அடிக்கடி காட்டுவார்கள். அது தொழில்முறை ஆட்டங்களின் முதல் கால் பகுதியை வைத்து எழுதியது. கடைசி நாலு நிமிடத்துக்கு, அதுவும் கல்லூரி அணிக்கு, அதை அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கல்லூரியில் அணிக்கு அணி பலம் மலைக்கும் மடுவுக்கும் மாறுகிறது. உங்கள் முன்வரிசை எதிரணியைவிடப் பலமானதா என்பது சராசரியைவிட முக்கியம்.

இரண்டாவது, நீங்கள் திட்டும் அந்தத் தள்ளி நிற்கும் தடுப்பாட்டம். இங்கே பிரிவெண்ட் டிஃபென்ஸ் என்பார்கள். அதன் நியாயம் இதுதான்: நடுவில் பத்துப் பத்து யார்டாகப் பிடித்துக்கொள், கோட்டுக்குள் விழு, உன் நேரம்தான் கரைகிறது, தலைக்கு மேல் ஒரே வீச்சில் போக மட்டும் விட மாட்டேன். முப்பது விநாடி, எதிரணிக்கு எண்பது யார்டு தூரம், டைம் அவுட் இல்லை என்றால் இது சரியான ஆட்டம். மூன்று நிமிடமும் இரண்டு டைம் அவுட்டும் இருக்கும்போது இதே ஆட்டம் எதிரணிக்கு நிதானமாக ஊர்வலம் போக வழிவிடுவது. இடைப்பட்ட கட்டத்தில் எது நல்லது என்பது ஆளைப் பொறுத்தது. குவார்ட்டர்பேக்கை நெருக்க நான்கு பேர் போதும் என்றால் மற்றவர்களைப் பின்னால் வைக்கலாம். நாலு பேரால் நெருக்க முடியாவிட்டால் பின்னால் எத்தனை பேர் நின்றாலும் யாராவது ஒருவர் தனியாகிவிடுவார். முன்னிலை எவ்வளவு என்பதும் கணக்கை மாற்றும். மூன்று புள்ளிக்குள் என்றால் எதிரணிக்கு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) தூரம் வந்தாலே போதும், ஆகவே நடுத்தர பாஸ்களையும் விட்டுக்கொடுக்க முடியாது. நான்கிலிருந்து எட்டு என்றால் டச் டவுன் வேண்டும் (அதன் பின் கிடைக்கும் ஓரிரு கூடுதல் புள்ளியோடு எட்டு வரை வரும்), கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஒன்பது என்றால் எதிரணிக்குப் பந்து இரண்டு முறை தேவை. ஆறு புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி ஒரு சாதாரண ஃபீல்டு கோலுக்காக ஏன் அவ்வளவு பாடுபடுகிறது என்று நினைத்திருந்தால் காரணம் அந்த ஒன்பதுதான்.

தடுக்கும் அணியும் கடிகாரத்தைத் தின்ன முடியும் என்பதற்கு அழகான உதாரணம் 2024 அக்டோபர் 12, ஓரிகன், ஒஹையோ ஸ்டேட் ஆட்டம். ஓரிகன் 32-31 முன்னிலை, 10 விநாடி மீதி, ஒஹையோ ஸ்டேட் ஃபீல்டு கோல் தூரத்துக்குச் சற்று வெளியே. ஓரிகன் பதினோரு பேருக்குப் பதில் பன்னிரண்டு பேரை இறக்கியது. கூடுதல் ஆள் இருந்ததால் பாஸ் பிடிபடவில்லை, நான்கு விநாடி போனது. தண்டனை ஐந்தே யார்டு, ஆனால் போன நான்கு விநாடி திரும்பி வராது. அடுத்த பிளேயில் ஒஹையோ ஸ்டேட் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் ஓடிச் சறுக்கும்போது நேரம் முடிந்துவிட்டது. ஓரிகன் கோச் டான் லானிங் அது தற்செயல் இல்லை என்று பின்னர் உணர்த்தினார். சில நாட்களிலேயே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு விதியின் விளக்கத்தை மாற்றி, இப்படி நடந்தால் எதிரணி விரும்பினால் கடிகாரத்தைப் பழைய இடத்துக்கே திருப்பலாம் என்று சொல்லிவிட்டது. சீசன் நடுவில் விதிப் புத்தகத்தையே தொட வைத்த நான்கு விநாடி. கடிகாரம் ஓட்டுபவன் என்ற முறையில் அந்தத் திருத்தம் எனக்கு நிம்மதி.

பெரிய முன்னிலை பறிபோன ஆட்டங்களும் உண்டு. 2017இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் 44-10 என்று இருந்த இடத்திலிருந்து யுசிஎல்ஏவிடம் 45-44 என்று தோற்றது. 2016 ஜனவரியில் இங்கே சான் அன்டோனியோவில் நடந்த அலமோ போல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஓரிகன் பாதி ஆட்டத்தில் 31-0, கடைசியில் டிசியூ மூன்று கூடுதல் நேரத்துக்குப் பிறகு 47-41 என்று ஜெயித்தது. 2023இல் கொலராடோ ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 29-0, முடிவில் 46-43 தோல்வி. இவற்றை எல்லாம் ஒரே காரணத்துக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். அலமோ போலில் ஓரிகனின் குவார்ட்டர்பேக் வெர்னன் ஆடம்ஸ் இரண்டாம் கால் பகுதியிலேயே காயத்தோடு வெளியேறிவிட்டார். அதற்கப்புறம் நடந்ததை உத்தியின் தவறு என்று மட்டும் சொல்வது அநியாயம். இன்னொன்று: நமக்கு ஞாபகம் இருப்பது பறிபோன முன்னிலைகள் மட்டும்தான். ஓடி ஓடி, பன்ட் செய்து, தள்ளி நின்று, சத்தமில்லாமல் ஜெயித்த ஆட்டங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் நிறைய. அவற்றை யாரும் வீடியோ போடுவதில்லை. பதுங்கியதால் தோற்றார்கள் என்று சொல்லும் முன், பதுங்கி ஜெயித்தவர்களையும் எண்ண வேண்டும். நான் பார்த்தவரை ஒரு விஷயத்தில் மட்டும் தைரியமாகக் கருத்துச் சொல்வேன்: மூன்றாம் கால் பகுதியிலேயே கடிகாரத்தை நினைத்து ஆட ஆரம்பிக்கும் அணிகள் சீக்கிரம் ஆரம்பிக்கின்றன. அங்கே கரைக்க வேண்டிய நேரம் அவ்வளவு அதிகம், பந்து கைமாறும் தடவைகளும் அதிகம். புள்ளி எடுப்பதுதான் அங்கே காவல்.

பயமா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில்: கொஞ்சம் உண்டு, ஆனால் பயம் களத்தில் இருக்கும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இல்லை. ஓடி, பன்ட் செய்து, தோற்றால் கோச்சை யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள், பிள்ளைகள் தடுக்கவில்லை என்பார்கள். வீசி, எதிரணி பிடித்து, தோற்றால் பெயர் கெட்டுவிடும். ஒரே தோல்விக்கு இரண்டு விலை என்றால் மனிதர் மலிவானதைத்தான் வாங்குவார். இதை நிரூபிக்க என்னிடம் கணக்கு கிடையாது, பார்த்துப் பார்த்து வந்த எண்ணம்தான்.

மண்டி போடுவதை ஏன் அனுமதிக்கிறார்கள் என்ற கடைசிப் பகுதி. கல்லூரி விதியில் பந்து வைத்திருப்பவரின் கை, பாதம் தவிர உடலின் வேறு எந்த இடம் தரையைத் தொட்டாலும் பிளே முடிந்தது, யாரும் அவரைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. மண்டி போடுவது அந்த விதியின் நேரடி விளைவு. எதிரணி எதிர்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, மரியாதைதான். 2012இல் தொழில்முறை லீகில் டம்பா பே அணியின் கோச் கிரெக் ஷியானோ அந்த மரியாதையை ஏற்காமல், மண்டி போட்ட நியூயார்க் ஜயன்ட்ஸ் முன்வரிசை மேல் தன் ஆட்களைப் பாய விட்டார். ஜயன்ட்ஸ் கோச் டாம் காஃப்லின் ஆட்டம் முடிந்ததும் களத்திலேயே அவரைக் கடிந்துகொண்டார். எனக்கு ஷியானோ செய்தது பிடிக்கவில்லை, அடி வரும் என்று எதிர்பார்க்காமல் நிற்கும் வீரர்களின் முழங்கால் அது. ஆனால் விதிப்படி அவர் தவறவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாலாவது கால் பகுதியில் நாலு நிமிடம் வந்ததும் ஸ்கோரைக் கொஞ்சம் மறந்துவிட்டு, டிவித் திரையில் எதிரணியின் பெயருக்கு அடியில் இருக்கும் சின்னக் கோடுகளைப் பாருங்கள். அவைதான் மிச்சமிருக்கும் டைம் அவுட்கள். அதையும் டவுனையும் நேரத்தையும் வைத்து, மேலே சொன்ன கணக்கை நீங்களே மனதில் போட்டுப் பாருங்கள்: மூடுகிறதா, இல்லையா. மூடாத நிலையில் மூன்றாவது டவுன் வந்தால் கோச் என்ன செய்ய வேண்டும் என்று ஸ்னாப்புக்கு முன்னாலேயே அறை நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். பிளே முடிந்த பிறகு சொன்னால் கணக்கில் வராது.